செயற்கை நுண்ணறிவும் தற்சுட்டின் எல்லையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேச்சு கொஞ்சம் நீண்டால் யாராவது ஒருவர் தர்க்கவியல் அறிஞர் கோடெலின் பெயரை எடுத்துவிடுவார். "இயந்திரத்தால் முடியாதுன்னு கணக்கே நிரூபிச்சாச்சு" என்பார்கள் சிலர். "அது பழைய லாஜிக் காலத்துக் கதை, நியூரல் நெட்வொர்க்குக்குப் பொருந்தாது" என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. எல்லை உண்மையில் இருக்கிறது, ஆனால் பலரும் நினைக்கிற இடத்தில் இல்லை. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

தற்சுட்டுன்னா என்ன? வெறும் வார்த்தை விளையாட்டுதானே?

ஒரு வாக்கியம் தன்னைப் பற்றித் தானே பேசுவதுதான் தற்சுட்டு. "இந்த வாக்கியம் பொய்" என்பது பலருக்கும் தெரிந்த உதாரணம். அது உண்மை என்றால் அது சொல்வதுபோல் பொய்யாகிவிடும். பொய் என்றால் அது சொல்வது சரியாகி, உண்மையாகிவிடும். இந்த அளவோடு நின்றால் விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாம். பேச்சு மொழியில் அர்த்தமில்லாத வாக்கியங்கள் எவ்வளவோ உண்டு.

கோடெல் "பொய்" என்பதை எடுத்துவிட்டு "நிரூபிக்க முடியாதது" என்று வைத்தார். "இந்த வாக்கியத்தை இந்த முறைமைக்குள் நிரூபிக்க முடியாது." (முறைமை என்றால், நிரூபணம் கேட்காமல் ஏற்கும் அடிகோள்களும் அவற்றிலிருந்து புதிய கூற்றுகளைப் பெறும் விதிகளும் சேர்ந்த தொகுப்பு.) இதை முழு எண்களைப் பற்றிய சாதாரணக் கூற்றாகவே எழுதிக் காட்டினார். அதன் பிறகு இதை விளையாட்டு என்று தள்ள முடியாது. ஏனென்றால் அது 7 பகா எண் என்பதைப் போன்ற ஒரு கணக்குக் கூற்று.

எண்கள் எப்படிங்க தன்னைப் பத்தித் தானே பேசும்?

குறியீடுகளுக்கு எண் கொடுத்துவிட்டால் பேசும். ஒரு சின்ன உதாரணம் போட்டுப் பார்ப்போம். 0 என்ற குறிக்கு 1, சமக் குறிக்கு 2 என்று எண் கொடுப்போம். "0 = 0" என்பதில் மூன்று குறிகள் இருக்கின்றன, அவற்றின் எண்கள் 1, 2, 1. முதல் மூன்று பகா எண்களான 2, 3, 5 ஆகியவற்றுக்கு இவற்றை அடுக்காக வைத்துப் பெருக்கினால் 2 × 9 × 5 = 90. யாராவது உங்களிடம் 90 என்று மட்டும் சொன்னால் போதும், அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்து "0 = 0" என்ற வரியை மீட்டுவிடலாம். வரியே எண்ணாகிவிட்டது.

வரி எண்ணானால் வரிகளின் தொகுப்பான நிரூபணமும் எண்தான். "இந்த நிரூபணம் அந்த வரியை நிறுவுகிறது" என்பது இரண்டு எண்களுக்கு இடையேயான ஓர் உறவாகிவிடும். எண்களைப் பற்றிப் பேசும் வாக்கியம் மறைமுகமாக வாக்கியங்களைப் பற்றியும் பேசத் தொடங்கும், கடைசியில் தன்னைப் பற்றியும். கணினிக் காலத்தில் இது நமக்குப் பழகிப்போன விஷயம். எந்த நிரலும் வன்தட்டில் ஒரு நீண்ட எண்ணாகத்தான் கிடக்கிறது. ஆனால் கோடெல் இதைச் செய்தபோது கணினி என்று ஒன்று கிடையாது.

கோடெல் சரியா என்னதான் சொன்னார்?

1931-ல் வெளியான இரண்டு தேற்றங்கள். முதலாவது: ஒரு முறைமை முரணில்லாததாக இருந்து, அதன் அடிகோள்களை இயந்திரத்தனமாகப் பட்டியலிட முடிந்து, அதில் கூட்டலும் பெருக்கலும் செய்யுமளவு எண்கணிதம் இருந்தால், அதற்குள் நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத ஒரு கூற்று நிச்சயம் உண்டு. (முரணின்மை மட்டுமே போதும் என்று நிபந்தனையைத் தளர்த்தியவர் ரோசர், 1936-ல்.) இரண்டாவது: அப்படிப்பட்ட முறைமை தன் முரணின்மையைத் தானே நிரூபிக்க முடியாது.

நிபந்தனைகளை விட்டுவிட்டு "எல்லாவற்றையும் நிரூபிக்க முடியாது என்று கோடெல் சொன்னார்" என்று பேசுவதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். பெருக்கலை எடுத்துவிட்டு முழு எண்களின் கூட்டலை மட்டும் வைத்துக்கொண்டால் எந்தக் கூற்றுக்கும் விடை சொல்லும் வழிமுறை உண்டு, 1929-லேயே பிரெஸ்பர்கர் காட்டிவிட்டார். மெய்யெண்களின் அடிப்படை இயற்கணிதத்துக்கும் அப்படி ஒரு வழிமுறையை டார்ஸ்கி கொடுத்தார். எல்லை எங்கும் பரவிக் கிடப்பதில்லை, குறிப்பிட்ட இடத்தில்தான் தொடங்குகிறது.

அது கணிதம். ஏஐ ஒரு புரோகிராம். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

அந்த இணைப்பைப் போட்டவர் கணித அறிஞர் ஆலன் டியூரிங், 1936-ல். அவருடைய வாதத்தின் சாரம் இது. எந்த நிரலையும் உள்ளீட்டையும் கொடுத்தால் "நிற்கும்" அல்லது "நிற்காது" என்று எப்போதும் சரியாகப் பதில் சொல்லும் ஒரு நிரல் தன்னிடம் இருப்பதாக ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சோதகன் என்று பெயரிடுவோம். நான் முரடன் என்று இன்னொரு நிரல் எழுதுகிறேன். முரடனிடம் ஒரு நிரலின் கோடை (code, அதாவது அந்த நிரலின் முழு உரையை) கொடுத்தால், "இந்த நிரலுக்கு இதன் கோடையே உள்ளீடாகக் கொடுத்தால் நிற்குமா?" என்று அது சோதகனைக் கேட்கும். நிற்கும் என்று பதில் வந்தால் முடிவில்லாத லூப்பில் விழும். நிற்காது என்று வந்தால் உடனே நின்றுவிடும்.

இப்போது முரடனுக்கு முரடனின் கோடையே கொடுங்கள். சோதகன் "நிற்கும்" என்றால் முரடன் ஓடிக்கொண்டே இருக்கும், "நிற்காது" என்றால் நின்றுவிடும். எப்படிச் சொன்னாலும் சோதகன் சொன்னது தவறு. ஆகவே அப்படி ஒரு சோதகன் இருக்கவே முடியாது.

சோதகன் எப்படிச் செய்யப்பட்டது என்பதை இந்த வாதம் எங்கேயும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? கையால் எழுதிய விதிகளாக இருக்கட்டும், கோடிக்கணக்கான எடைகள் (பயிற்சியில் கற்ற எண்கள்) கொண்ட மொழி மாதிரியாக, அதாவது சாட்பாட்டை இயக்கும் நிரலாக, இருக்கட்டும், எப்போதும் பதில் சொல்லும், எப்போதும் சரியாகச் சொல்லும் என்ற இரண்டு உறுதிகளை மட்டும்தான் அது எடுத்துக்கொள்கிறது. தகர்வது அந்த இரண்டு உறுதிகளின் சேர்க்கை. பின்வரும் பதில்களில் பாதி இந்த ஒரு வரியிலிருந்து வருபவை.

நியூரல் நெட்வொர்க் லாஜிக் விதிப்படி யோசிக்கறதே இல்லையே, அப்போ தப்பிச்சிடாதா?

தப்பாது. உள்ளே நடப்பது பெருக்கலும் கூட்டலும் வேறு சில எளிய சார்புகளும்தான். அதை எந்தக் கணினியிலும் ஓட்டலாம், அதனால்தான் அது நம்மிடம் இருக்கிறது. பதில் சொல்லும்போது கொஞ்சம் தற்செயலைச் சேர்த்தாலும் கணக்கு மாறாது. பகடை உருட்டும் இயந்திரம் ஒரு கேள்வித்தொகுப்பின் ஒவ்வொரு கேள்விக்கும் பாதிக்கு மேற்பட்ட நிகழ்தகவோடு சரியான விடை தரும் என்றால், பகடை இல்லாத இயந்திரமும் அந்த விடைகளைக் கண்டுபிடிக்கும் என்று ஷானன் உள்ளிட்ட நால்வர் 1956-லேயே காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு நல்ல கவனிப்பு ஒளிந்திருக்கிறது. மொழி மாதிரி முரணில்லாத முறைமை அல்ல. காலையில் ஒன்று சொல்லும், மாலையில் அதற்கு நேர்மாறாகச் சொல்லும். எனவே "அது சொல்பவை" என்ற தொகுப்பின் மீது கோடெல் தேற்றம் நேரடியாக அமராது. டியூரிங்கே 1947-ல் லண்டன் கணிதச் சங்கத்தில் பேசும்போது இதைத் தொட்டார்: பிழையே செய்யாத இயந்திரம் என்று எதிர்பார்த்தால்தான் இந்தத் தேற்றங்கள் தடையாக நிற்கும், பிழை செய்ய இடம் கொடுத்தால் அது எவ்வளவு புத்திசாலித்தனம் காட்டலாம் என்பதற்கு அவை ஒரு வரம்பும் சொல்வதில்லை. எனக்கு இந்தத் தலைப்பில் மிகவும் பிடித்த வாதம் இதுதான். எல்லை திறமைக்கு அல்ல, உத்தரவாதத்துக்கு.

சாட்பாட் தப்புத்தப்பா பதில் சொல்றதுக்குக் கோடெல்தான் காரணமா?

இல்லவே இல்லை. இல்லாத தீர்ப்பை மேற்கோள் காட்டுவது, எளிய கூட்டலில் சறுக்குவது எல்லாம் பயிற்சித் தரவையும் பயிற்சி முறையையும் சார்ந்தவை. அவற்றைக் குறைக்க முடியும், குறைந்துகொண்டும் வருகின்றன. அன்றாடப் பிழைக்குக் கணிதத் தேற்றத்தைச் சாக்காகக் காட்டுபவரை நம்பாதீர்கள்.

"இந்த வாக்கியம் பொய்"னு டைப் பண்ணா ஏஐ ஹேங் ஆகிடுமா?

ஆகாது. மொழி மாதிரி அடுத்த சொல்துண்டைக் கணக்கிட ஒவ்வொரு முறையும் எடுக்கும் வேலைக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்குள் முடித்துவிடும். வாக்கியத்தின் உண்மையைத் தேடி அது லூப்பில் சுற்றுவதில்லை. அந்தப் புதிரைப் பற்றி மனிதர்கள் எழுதியதிலிருந்து கற்றுக்கொண்டதை எழுதிக் கொடுக்கும், நீங்களும் நானும் செய்வதைப் போலவே.

மனுஷ மூளைக்கு இந்த எல்லை கிடையாதுன்னு பென்ரோஸ் நிரூபிச்சுட்டாரே?

இந்த வாதத்தை 1961-ல் தத்துவ அறிஞர் ஜான் லூகாஸ் முன்வைத்தார். இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் 1989-லும் 1994-லும் எழுதிய நூல்களில் அதை விரிவாக்கினார். சுருக்கம் இது: எந்த இயந்திரத்தை எடுத்தாலும் அதனால் நிரூபிக்க முடியாத கோடெல் வாக்கியம் ஒன்று உண்டு. ஆனால் அது உண்மை என்று நம்மால் "பார்க்க" முடிகிறது. எனவே நாம் இயந்திரம் அல்ல.

ஓட்டை "பார்க்க முடிகிறது" என்ற இடத்தில் இருக்கிறது. தேற்றம் சொல்வது, முறைமை முரணற்றது என்றால் அந்த வாக்கியம் உண்மை என்பதைத்தான். இந்த "என்றால்" கூற்றை அந்த முறைமையே நிரூபிக்கும், நமக்குத் தனி வெற்றி எதுவும் இல்லை. நாம் கூடுதலாக அறிய வேண்டியது முறைமை முரணற்றதா என்பது. மனித மூளையளவு சிக்கலான ஒரு இயந்திரத்தின் விதிகளை அச்சிட்டுக் கையில் கொடுத்தால், அது முரணற்றது என்று உங்களால் பார்த்தவுடன் சொல்ல முடியுமா? தத்துவ அறிஞர் ஹிலாரி பட்னம் இந்த மறுப்பை லூகாஸுக்கு முன்பே வைத்தார், பிறகு பென்ரோஸுக்கும் வைத்தார்.

1962-ல் வைட்லி என்பவர் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். "லூகாஸ் இந்த வாக்கியத்தை முரணில்லாமல் ஏற்க முடியாது" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். லூகாஸ் ஏற்றால் முரணில் விழுவார். ஏற்காவிட்டால், நம் எல்லோருக்கும் உண்மை என்று தெரிகிற ஒன்று அவருக்கு மட்டும் எட்டாமல் போகும். தற்சுட்டின் வலையில் மனிதர்களும் சிக்குகிறோம். கோடெலே 1951-ல் ஆற்றிய ஓர் உரையில் நிதானமாகத்தான் பேசினார்: ஒன்று மனித மனம் எந்த முடிவுள்ள இயந்திரத்தையும் மிஞ்சியது, அல்லது நமக்கு என்றைக்குமே விடை கிடைக்காத எண்கணிதக் கேள்விகள் உண்டு. அவர் மனம் முதல் பக்கம் சாய்ந்திருந்தது, ஆனால் நிரூபித்ததாக அவர் சொல்லவில்லை.

நிரூபிக்க முடியாத அந்த வாக்கியத்தைப் புது அடிகோளா சேர்த்துட்டா பிரச்சினை தீர்ந்துடுமே?

அந்த ஒரு வாக்கியத்துக்குத் தீரும். புதிய முறைமைக்குப் புதிய கோடெல் வாக்கியம் முளைக்கும். இதை வரிசையாகச் செய்துகொண்டே போனால் எவ்வளவு தூரம் போகலாம் என்று டியூரிங் 1939-ல் ஆராய்ந்தார். வெகுதூரம் போகலாம், ஆனால் எந்த வழியில் ஏறுவது என்று தேர்ந்தெடுப்பதற்கு இயந்திரத்தனமான முறை இல்லை. அப்புறம், ஏறுவது வீண் வேலையும் அல்ல. எண்கணிதத்தின் முரணின்மையை கென்ட்ஸன் 1936-ல் எண்கணிதத்துக்கு வெளியேயுள்ள ஒரு கொள்கையைத் துணைக்கு எடுத்து நிரூபித்தார்.

நிஜக் கம்ப்யூட்டருக்கு மெமரி அளவானதுதானே? அப்போ டியூரிங் சொன்னது பொருந்தாதே?

கறாராகச் சொன்னால் நீங்கள் சொல்வது சரி. நினைவகம் முடிவுள்ளது என்றால் நிலைகளும் முடிவுள்ளவை. ஏற்கெனவே வந்த நிலை மறுபடி வந்தால் லூப் என்று அறிவித்துவிடலாம். ஆனால் 300 பிட் நினைவகத்துக்கே சாத்தியமான நிலைகள் 2-ன் 300-ஆம் அடுக்கு. நாம் காணக்கூடிய பேரண்டத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையாகச் சொல்லப்படும் மதிப்பீட்டை அது தாண்டிவிடும். உங்கள் கைப்பேசியில் எத்தனை கோடி பிட்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தவிர, முரடன் வாதத்துக்கு நேர வரம்பு வைத்த வடிவமும் உண்டு. ஒரு நிரல் குறிப்பிட்ட நேரத்துக்குள் என்ன செய்யும் என்பதை, எல்லா நிரல்களுக்கும் பொதுவாக, அதைவிட வெகு குறைந்த நேரத்தில் சொல்லும் குறுக்குவழி கிடையாது. 1965-ல் ஹார்ட்மானிஸும் ஸ்டேர்ன்ஸும் வெளியிட்ட ஆய்வில் இதன் வேர் இருக்கிறது. ஆகவே முடிவுள்ள உலகத்திலும் எல்லை காணாமல் போவதில்லை, "முடியவே முடியாது" என்பது "ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை" என்று மாறுகிறது.

குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா?

சில கணக்குகள் வேகமாகும். கணக்கிட முடியாதவை முடியாதவையாகவே இருக்கும். குவாண்டம் கணினி செய்வதைச் சாதாரணக் கணினியும் மிக மெதுவாகச் செய்துவிடும்.

இந்த எல்லையை யாராவது கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்திருக்காங்களா?

பார்த்திருக்கிறார்கள், அதுவும் அண்மையில். கணித அறிஞர் டிபோர் ராடோ 1962-ல் ஒரு போட்டியை வைத்தார். வெற்று நாடாவில் இரண்டே குறிகளை எழுதி அழிக்கும் டியூரிங் இயந்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். (இவை டியூரிங் வகுத்த மிக எளிய கற்பனைக் கணினிகள். இயந்திரம் இப்போது இருக்கும் நிலையும் நாடாவில் படிக்கும் குறியும்தான் அடுத்த படியைத் தீர்மானிக்கும்.) ஒரு நிலை மட்டும் உள்ள இயந்திரங்கள், இரண்டு நிலை உள்ளவை என்று வகைப்படுத்துங்கள். ஒவ்வொரு வகையிலும், கடைசியில் நின்றுபோகும் இயந்திரங்களில் மிக அதிகப் படிகள் ஓடுவது எவ்வளவு ஓடும்? ஒரு நிலைக்கு 1, இரண்டுக்கு 6, மூன்றுக்கு 21, நான்குக்கு 107. ஐந்து நிலைக்கு 4,71,76,870. இந்தக் கடைசி எண்ணைத் தொடும் இயந்திரம் 1990 வாக்கிலேயே தெரியும். அதைவிட நீண்ட ஓட்டம் இல்லை என்று உறுதியானது 2024-ல்தான். இணையம் வழியாகச் சேர்ந்த தன்னார்வலர்கள் பல கோடி இயந்திரங்களை வகைபிரித்து, நிற்காதவை ஏன் நிற்காது என்று காட்டி, கணினியே சரிபார்க்கும் நிரூபணமாக அதை எழுதி முடித்தார்கள்.

ஆறு நிலையில் பாதை அடைபடுகிறது. அங்கே இருக்கும் சில இயந்திரங்களின் தலைவிதி கொலாட்ஸ் புதிரின் உறவுக்காரக் கணக்கு. (கொலாட்ஸ் என்பது: எண் இரட்டை என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு. எந்த எண்ணில் தொடங்கினாலும் 1-க்கு வருமா? 27-ல் தொடங்கினால் 9232 வரை ஏறி, 111 படிகளுக்குப் பிறகு 1-க்கு வரும். எல்லா எண்களும் வருமா என்பது இன்னும் விடை தெரியாத கேள்வி.)

இன்னும் மேலே போனால் கோடெலே எதிரே நிற்கிறார். இன்றைய கணிதத்தின் வழக்கமான அடித்தளமான கணக் கோட்பாட்டால் தலைவிதியைத் தீர்மானிக்க முடியாத ஓர் இயந்திரத்தை யெடிடியாவும் ஆரன்ஸனும் 2016-ல் 8000-க்கும் குறைவான நிலைகளில் கட்டினார்கள். பிறகு வேறு சிலர், அந்தக் கோட்பாட்டின் விளைவுகளை ஒவ்வொன்றாக உருவாக்கி, முரண் தென்பட்டால் மட்டும் நிற்கும் இயந்திரத்தை 750-க்கும் குறைவான நிலைகளில் கட்டினார்கள். அடித்தளம் முரணற்றது என்றால் அந்த இயந்திரம் நிற்கவே நிற்காது, ஆனால் அது நிற்காது என்று அதே அடித்தளத்தால் நிரூபிக்க முடியாது. மனிதர் முயன்றாலும் சரி, செயற்கை நுண்ணறிவு முயன்றாலும் சரி, அந்த அடிகோள்களோடு நின்றால் வழியில்லை.

ஒரு ஏஐ பாதுகாப்பானதான்னு இன்னொரு ஏஐயை வெச்சு சோதிச்சு உறுதி வாங்கிட முடியாதா?

எல்லா நிரல்களுக்கும் பொதுவாக, தவறாமல் தீர்ப்புச் சொல்லும் சோதனையாளன் சாத்தியமில்லை. நிரலின் நடத்தையைப் பற்றிய அற்பமல்லாத (சில நிரல்களுக்கு ஆம், சிலவற்றுக்கு இல்லை என்று விடை வரும்) எந்தக் கேள்விக்கும் அப்படி ஒரு தீர்ப்பாளன் கிடையாது என்று 1953-ல் ரைஸ் வெளியிட்ட தேற்றம் சொல்கிறது. முரடன் வாதத்தின் நேரடி வாரிசு அது. எல்லாக் கணினி வைரஸையும் பிழையில்லாமல் பிடிக்கும் மென்பொருள் இருக்க முடியாது என்று 1980-களில் பிரெட் கோஹன் காட்டியதும் இதே குடும்பம்தான்.

இங்கேதான் பலர் சோர்ந்துபோய் "அப்போ ஏஐ பாதுகாப்பே சாத்தியமில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். அது அவசரம். தேற்றம் "எந்த நிரலைக் கொடுத்தாலும்" என்பதைப் பற்றியது. குறிப்பிட்ட ஒரு நிரலைப் பற்றி நிரூபிப்பதை அது தடுப்பதில்லை. எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கருவின் கோடு தன் விவரக்குறிப்பின்படியே நடக்கும் என்று 2009-ல் நிரூபித்துவிட்டார்கள். நிரூபிக்கத் தோதாகவே அதை எழுதினார்கள் என்பதுதான் ரகசியம். இன்னொரு வழி, சோதனையாளனை "சரி", "தவறு", "தெரியாது" என்று மூன்று பதில்கள் சொல்ல விடுவது. "தெரியாது" என்று வந்ததை ஓட்டாமல் விட்டால் போதும். இன்றைய பெரிய மொழி மாதிரிகளுக்கு இப்படி நிரூபணம் எழுதுவது கடினமாக இருப்பது தற்சுட்டினால் அல்ல. "பாதுகாப்பு" என்றால் என்ன என்று துல்லியமாக எழுதித்தரவே நமக்கு இன்னும் வரவில்லை.

தன்னையே திருத்தி எழுதிக்கற ஏஐ தன்னை நம்பலாமா?

இதில் தற்சுட்டு உண்மையாகவே கடிக்கிறது. மார்ட்டின் லோப் 1955-ல் ஒன்றைக் காட்டினார்: "இது எனக்கு நிரூபணமானால் இது உண்மை" என்று ஒரு கூற்றைப் பற்றி ஒரு முறைமை நிரூபிக்குமானால், அந்தக் கூற்றையே அது ஏற்கெனவே நிரூபிக்கும். அதாவது "நான் நிரூபிப்பதெல்லாம் உண்மை" என்று மொத்தமாகத் தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்ள எந்த முரணற்ற முறைமையாலும் முடியாது. கோடெலின் இரண்டாவது தேற்றம் இதன் ஒரு விளைவு.

இப்போது ஓர் இயந்திரம் தனக்கு நிகரான அறிவுள்ள அடுத்த பதிப்பை எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "அந்தப் பதிப்பு எதை நிரூபித்துவிட்டுச் செய்தாலும் சரியாகவே இருக்கும்" என்று அது முன்கூட்டியே நிரூபிக்கப் பார்த்தால், லோப் வழிமறிப்பார். வாரிசு தன்னைவிடப் பலவீனமான அடிகோள்களை நம்புவதாக இருந்தால் நிரூபிக்கலாம், ஆனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் பலம் குறையும். நடைமுறையில் வேறு வழியில் போகிறார்கள்: வாரிசை மொத்தமாக நம்பாமல், அது கொடுக்கும் ஒவ்வொரு நிரூபணத்தையும் ஒரு சிறிய, எளிய சரிபார்ப்பு நிரலிடம் கொடுப்பது. அந்தச் சிறிய நிரலை மனிதர்கள் வரிவரியாகப் படித்துவிடலாம்.

ஏஐ தன்னைத் தானே முழுசா தெரிஞ்சுக்க முடியுமா?

தன் கோடைத் தெரிந்துகொள்ளலாம், அதில் புதிர் எதுவும் இல்லை. எந்த நிரலையும் தன் முழு உரையைத் தானே கையில் வைத்திருக்கும்படி எழுதலாம் என்று க்ளீன் 1938-ல் காட்டினார். எந்த உள்ளீடும் இல்லாமல் தன் கோடையே அச்சிடும் சிறு நிரல்களை மாணவர்கள் பயிற்சியாக எழுதுகிறார்கள். தன்னைத் தானே விவரிப்பது முடியாத காரியம் என்று நினைப்பது தவறு.

தன் நடத்தையை முன்கூட்டிச் சொல்வது வேறு விஷயம். "நான் என்ன செய்வேன் என்று முதலில் கணித்துவிட்டு, அதற்கு எதிராகச் செய்" என்று எழுதப்பட்ட நிரலுக்குச் சரியான கணிப்பு என்று ஒன்று கிடையாது. கோடு முழுதும் கண்முன்னால் இருந்தும் கிடையாது.

உண்மையை மட்டுமே சொல்ற ஏஐ செய்ய முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

முடியும். ஆனால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் என்று கூடவே கேட்காதீர்கள். எண்கணித உண்மை முழுவதையும் எண்கணிதத்துக்குள்ளேயே வரையறுக்க முடியாது என்று டார்ஸ்கி 1930-களில் நிறுவினார். எந்த நிரலின் நடத்தையையும் எண்கணிதத்தில் எழுதிவிடலாம் என்பதால், எல்லா எண்கணிதக் கேள்விக்கும் ஆம், இல்லை என்று சரியாகச் சொல்லும் நிரலும் இருக்க வழியில்லை. "தெரியாது" என்று சொல்ல அனுமதித்தால் இந்தத் தடை அகன்றுவிடும். சரிபார்த்த நிரூபணம் கையில் இருந்தால் மட்டும் பதில் சொல்லி, மற்ற நேரத்தில் பேசாமல் இருக்கும் இயந்திரம் இன்றே சாத்தியம், நிரூபணச் சரிபார்ப்பு மென்பொருள்கள் செய்வது அதுதான். அதற்கும் அடிகோள்களை நாம்தான் வெளியிலிருந்து தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். அவை முரணற்றவை என்று அதனிடமே கேட்டால், கேள்வி புரிந்தாலும், முரணற்றதாக இருக்கும் வரை அது "தெரியாது" என்றுதான் சொல்லும்.